வளரும் வெண்பன்றிக்குப் பசுந்தழை: செட்டிநாட்டுச் செம்மண்ணில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முதலில் ஒரு கணக்கு. 40 கிலோ எடையுள்ள வெண்பன்றி ஒரு நாளைக்குச் சுமார் 1.8 கிலோ அடர்தீவனம், அதாவது தவிடும் தானியமும் புண்ணாக்கும் கலந்த காய்ந்த தீவனம், சாப்பிடும். அதற்கு மேலாக ஒன்றரைக் கிலோ சர்க்கரைவள்ளிக் கொடியை வெட்டிப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிறைந்து தெரியும், பன்றியும் ஆசையாகத் தின்னும். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவில் 1.3 கிலோ வெறும் தண்ணீர். தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 200 கிராம் சரக்கு. இளங்கொடியாக இருந்தால் அதில் 36 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். அதே 36 கிராம், 80 கிராம் கடலைப் புண்ணாக்கிலேயே கிடைத்துவிடும்.

இதைச் சொல்வது உங்கள் உற்சாகத்தைக் குறைக்க அல்ல. தழை போட்டால் தீவனச் செலவு பாதியாகிவிடும் என்று நம்பித் தொடங்கியவர்கள் மூன்றாம் மாதம் மெலிந்த பன்றிகளோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். தழை துணைத் தீவனம்தான். அதை அளந்து கொடுத்தால் நல்ல பலன் உண்டு. ஒரு பன்றிக்கு நாளைக்கு 80 கிராம் வீதம் 20 பன்றிக்கு என்றால் மாதத்துக்கு 48 கிலோ புண்ணாக்கின் புரதம் உங்கள் கொல்லையிலிருந்தே வருகிறது. அது சிறிய தொகை இல்லை. ஆனால் அது உங்கள் கொல்லையில் விளைந்து, வீட்டு ஆளே வெட்டிப் போடுவதாக இருந்தால்தான் லாபம். கூலி ஆள் வைத்து, வண்டி பிடித்துத் தழை கொண்டுவந்தால் புண்ணாக்கு வாங்குவதே மேல்.

இன்னொரு காரணமும் உண்டு, நம் பகுதிக்கு அது ரொம்பவே பொருந்தும். இங்கே பெரும்பாலானவர்கள் கொடுப்பது புதுவயல் அரிசி ஆலைத் தவிடு, குருணை, மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு. இந்தக் கூட்டில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சதை வைக்க வேண்டிய வயதில் பன்றிக்கு முதலில் பற்றாமல் போவது அதுதான். கடலைப் புண்ணாக்கில் புரதம் நிறைய இருந்தாலும் லைசின் போதாது. இலைப் புரதத்தில் லைசினின் பங்கு அதைவிட அதிகம். அப்புறம், காய்ந்த தீவனத்தில் இல்லாத கரோட்டினும் வைட்டமின்களும் பச்சை இலையில் உண்டு. சிமெண்டுத் தரையில் வேலையில்லாமல் படுத்துக் கிடக்கிற குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடிப்பதும், தழை போட ஆரம்பித்தால் குறைகிறது. எங்கள் கொட்டகையில் முதல் வாரத்திலேயே கண்ட மாற்றம் அது.

எந்த வயதில் தொடங்குவது

பால் மறந்த உடனே, அதாவது எட்டு வாரத்தில், தழையைத் தீவனமாக நினைக்காதீர்கள். பன்றிக்கு மாட்டைப் போல நான்கு அறை வயிறு கிடையாது, ஒரே வயிறுதான். நார் செரிப்பது கடைசியில், பெருங்குடலில். குட்டிக்கு அந்தப் பெருங்குடல் இன்னும் பழகியிருக்காது. எடை கூடக் கூடத்தான் நாரைத் தாங்கும் திறன் வரும்.

அதனால் 20 கிலோ எட்டும் வரை ஒரு கைப்பிடி இளந்தழை போதும். 50 கிராம், மிஞ்சிப்போனால் 100 கிராம். அது வாய் பழகுவதற்கு மட்டும். உண்மையான கணக்கு 20 கிலோவுக்கு மேல்தான்.

முதல் வருடம் நான் இதை அறியாமல் 30 கிலோ குட்டிகளுக்கு ஆள் உயரம் வளர்ந்த கம்பு நேப்பியர் புல்லை வெட்டிப் போட்டேன். மாடு தின்கிற புல் பன்றிக்கு ஆகாதா என்று நினைத்தேன். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியது, முதுகெலும்பு தெரிந்தது. விற்பனை ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. அந்தக் குட்டிகளின் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தபோதுதான் புரிந்தது: புல் துண்டுகள் பச்சை நிறம்கூட மாறாமல், நறுக்கிய கோணத்திலேயே வெளியே வந்திருந்தன. தின்ற புல் உள்ளே செரிக்கவே இல்லை.

புதிதாக வருபவர்கள் இதை மனதில் வைத்தால் போதும்: வளரும் பன்றிக்கு வேண்டியது இலை, புல் அல்ல.

என்ன பயிரிடுவது

நம் மண் செம்மண், பல இடத்தில் ஒரு முழம் தோண்டினாலே செம்புராங்கல் தட்டும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த மண்ணையும் மழையையும் ஒத்துக்கொள்கிற பயிரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்க்கரைவள்ளிக் கொடியைத்தான் முதலில் சொல்வேன். இளம் நுனியும் இலையும் பன்றிக்கு மிகவும் பிடிக்கும், நார் குறைவு, வெட்ட வெட்டத் துளிர்க்கும். முதல் மழை விழுந்ததும் பார் பிடித்து, ஒரு சாண் நீளக் கொடித் துண்டுகளை நடுங்கள். ஒன்றரை மாதத்தில் முதல் வெட்டு எடுக்கலாம். தரையோடு அறுக்காமல் ஒரு சாண் விட்டு அறுங்கள். 20 பன்றிக்கு நாங்கள் 20 சென்ட் வைத்திருக்கிறோம். அதை 25 துண்டாகக் கயிறு கட்டிப் பிரித்து, நாளுக்கு ஒரு துண்டு வெட்டுகிறோம். கடைசித் துண்டு முடியும்போது முதல் துண்டு மறுபடி தயாராக இருக்கும். இப்படி அடிக்கடி வெட்டினால் கீழே கிழங்கு பெரிதாகக் கட்டாது. கிழங்கும் வேண்டும், தழையும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்தி போடுங்கள்.

அடுத்தது வேலிமசால் என்கிற தீவனச் செடி. ஒருமுறை விதைத்தால் வருடக்கணக்கில் நிற்கும், வறட்சி தாங்கும், புரதமும் நன்றாக உண்டு. இதன் விதைத் தோல் கடினமானது. அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, நாலு நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை ஐந்து நிமிடம் போட்டு வடித்து, பிறகு இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதையுங்கள். முதல் வெட்டுக்கு 90 நாள் பொறுக்க வேண்டும். அப்புறம் 40 நாளுக்கு ஒருமுறை, முழங்கால் உயரம் விட்டு வெட்டலாம். தண்டு சீக்கிரம் கட்டையாகிவிடும் என்பதுதான் குறை. வெட்டிய கிளையை உதறி இலையை உருவிக் கொடுங்கள், தண்டை ஆட்டுக்குப் போடுங்கள்.

வேலியோரத்தில் அகத்தி, முருங்கை, மல்பெரி மூன்றையும் வைத்துவிடுங்கள். இதற்கென்று தனி நிலம் தேவையில்லை. மல்பெரி இலை வளரும் பன்றிக்கு அருமையான தழை. நார் குறைவு, கசப்பு கிடையாது. கோடையில் கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும். அகத்தியையும் முருங்கையையும் மொத்தத் தழையில் பாதிக்கு மேல் போகாமல் மற்றவற்றோடு கலந்து கொடுங்கள்.

கண்மாய்ப் பக்கம் இருப்பவர்கள் வள்ளைக்கீரையைக் கேட்பார்கள். நல்ல தழைதான், வியட்நாம், கம்போடியா பக்கம் பன்றிக்கு அதைத்தான் மூட்டை மூட்டையாகக் கொடுக்கிறார்கள். ஆனால் சாக்கடை கலக்கிற தண்ணீரில் வளர்ந்ததைத் தொடாதீர்கள். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

தொட்டித் தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலாவுக்கு இப்போது நல்ல பேச்சு இருக்கிறது. உலர்ந்த கணக்கில் புரதம் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு கிலோ அசோலாவில் 50, 60 கிராம்தான் சரக்கு, மீதி தண்ணீர். ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 200 முதல் 300 கிராம்வரை எடுக்கலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிழல்வலை போடாவிட்டால் வெந்துபோகும். இரண்டு மூன்று பன்றி வைத்திருக்கும் வீட்டுக்குச் சரி. 20 பன்றிக்கு அதை நம்பித் தொட்டி கட்டவேண்டாம் என்பது என் கருத்து.

சூபாபுல் என்கிற சவுண்டலில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அதிகம் தின்றால் பன்றிக்கு முடி கொட்டும், சினை பிடிப்பதும் கெடும். கைப்பிடிக்கு மேல் வேண்டாம், தாய்ப்பன்றிக்கு வேண்டவே வேண்டாம். மரவள்ளி இலையில் சயனைடு உண்டு. நறுக்கி ஒரு நாள் முழுக்க வாட்டாமல் கொடுக்கக்கூடாது. சேம்பு இலை வாயை அரிக்கும், வேகவைக்காமல் கொடுக்காதீர்கள்.

விதையும் கரணையும் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் குன்றக்குடியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறது, அங்கேயும் தீவனப் பயிர் பற்றிக் கேட்கலாம். சர்க்கரைவள்ளிக் கொடிக்கு எங்கும் போக வேண்டியதில்லை, கிழங்கு போட்டிருக்கும் பக்கத்து வயலில் கேட்டாலே ஒரு கட்டுக் கொடுப்பார்கள்.

எங்கே அறுக்கக்கூடாது

பலரும் பொறுமையில்லாமல் தாண்டிப்போகிற பகுதி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

கண்மாய்க்கரையில் வள்ளைக்கீரையும் நெய்வேலி காட்டாமணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வளரும். இரண்டுக்கும் புனல் போல வெளிர் ஊதாப் பூ. பூவை மட்டும் பார்த்து அறுக்கிற புது ஆள் ஏமாந்துபோவார். வள்ளைக்கீரை தண்ணீர்மேல் படர்ந்து கிடக்கும். தண்டை ஒடித்தால் நடுவில் குழல் போல வெற்றாக இருக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், இலை அம்பு மாதிரி நீண்டிருக்கும். காட்டாமணக்கு புதராக நிமிர்ந்து ஆள் உயரம் நிற்கும், அடித்தண்டு கட்டை, இலை அகன்று இதய வடிவில் இருக்கும். அது விஷச்செடி, மாடு ஆடுகளே தின்று நரம்புக் கோளாறு வந்து சாகும். அறுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் முதல் நாள் கூடவே போய் இரண்டையும் கையில் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

ஆமணக்கு, அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவையும் கட்டில் கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். அறுத்த கட்டை அவிழ்த்து ஒரு தடவை பரப்பிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது.

அடுத்தது புழு. மனிதர்கள் வெளிக்குப் போகிற இடத்தில் வளர்ந்த தழையில் நாடாப்புழு முட்டை ஒட்டியிருக்கலாம். அது பன்றிக்குள் போனால் தசையில் கட்டியாகத் தங்கும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டவருக்கு நாடாப்புழு வரும். வெண்பன்றி வளர்ப்பில் நாம் கஷ்டப்பட்டுக் கட்டுகிற நம்பிக்கையே கொட்டிலில் அடைத்துச் சுத்தமாக வளர்க்கிறோம் என்பதுதான். தழை வழியாக அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர்ப் பன்றி சுற்றுகிற இடம், காட்டுப்பன்றி இறங்குகிற வயல் இவற்றிலும் அறுக்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாச்சலப் பகுதியில் நம் நாட்டுக்குள் நுழைந்தது. அதற்கு மருந்து இல்லை, வந்தால் கொட்டகையே காலி. நோயுள்ள பன்றியின் கழிவு பட்ட தழையும் அதைக் கொண்டுவரக்கூடும்.

உங்கள் சொந்தப் பன்றிச் சாணியைப் பச்சையாகத் தழைப் பாத்திக்குப் போடுவதும் தப்பு. உருண்டைப்புழு முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நன்றாக மக்கவைத்து வேறு பயிருக்குப் போடுங்கள்.

காய்கறிச் சந்தைக் கழிவு கிடைக்கிறதே என்பார்கள். முட்டைகோஸ் மேலிலை, முள்ளங்கித் தழை எல்லாம் நல்லதுதான், ஆனால் பூச்சிமருந்து அதிகம் படுவதும் அந்த மேலிலையில்தான். நன்றாகக் கழுவ வேண்டும், அழுகியதைக் கழிக்க வேண்டும். ஓட்டல் எச்சில் சோறும் கறிக்கழிவும் இதில் சேராது. அது காய்ச்சல் வரும் வழி.

வெட்டியதிலிருந்து தொட்டி வரை

காலை வெயில் ஏறுவதற்குள் அறுங்கள், பனி உலர்ந்த பிறகு. கொண்டுவந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். ஊருணியில் அலசாதீர்கள், அது ஊர் குடிக்கிற தண்ணீர். கொட்டகையிலேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அலசியதை நிழலில் மெல்லிய படுகையாக இரண்டு மூன்று மணி நேரம் பரப்பி வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் வற்றித் தழை துவளும். துவண்ட தழையில் ஒரே வயிற்றுக்கு அதிகச் சரக்கு போகும். பிறகு ஒரு அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். 20 பன்றிக்குள் அரிவாள்மணையே போதும்.

குவியலாக மட்டும் வைக்காதீர்கள். பச்சைத் தழையைக் குவித்து மூடினால் உள்ளே சூடேறும். கைவிட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில் இலையில் இருக்கிற நைட்ரேட், நைட்ரைட்டாக மாறும். பன்றிக்கு நைட்ரைட் கொடிய நஞ்சு. இதைவிட ஆபத்து கீரையை வேகவைத்து, மூடிய பானையில் இரவு முழுக்க வைத்திருந்து காலையில் கொடுப்பது. முளைக்கீரை, தண்டுக்கீரை, கோஸ் இலை, யூரியா நிறையப் போட்ட பயிர் எல்லாவற்றிலும் இது நடக்கும். தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் பன்றி தள்ளாடும், மூச்சு வாங்கும், மூக்கும் காதும் நீலம் பாயும். வெண்பன்றியில் அது பளிச்சென்று தெரியும். ரத்தம் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, என்ன தழை கொடுத்தோம் என்பதை முதலில் சொல்லுங்கள். மெத்திலின் புளூ ஊசி போட்டுக் காப்பாற்ற முடியும், நேரம்தான் முக்கியம். வேகவைக்க வேண்டிய தழை என்றால் வேகவைத்த சூடு ஆறியதும் கொடுத்து முடித்துவிடுங்கள். மிச்சம் எருக்குழிக்கு.

தழை கொடுக்கும் நேரம் காலை அடர்தீவனம் தின்று இரண்டு மணி நேரம் கழித்து, பதினோரு மணி வாக்கில். தழையை முன்னால் போட்டால் வயிறு தண்ணீரால் நிறைந்து, அடர்தீவனத்தை மிச்சம் வைக்கும். காசு கொடுத்து வாங்கியதைத் தின்னாமல், காசில்லாததைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும். தழையைத் தரையில் போடாமல் தனித் தொட்டியிலோ, சுவரில் கம்பி அடித்த கூடையிலோ போடுங்கள். எல்லாப் பன்றியும் ஒரே நேரத்தில் நிற்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் பெரியது தின்னும், சின்னது பார்த்துக்கொண்டிருக்கும்.

தழை கொடுக்கிறோமே என்று குடிதண்ணீரைக் குறைக்காதீர்கள். வளரும் பன்றிக்கு நாளைக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் எப்போதும் எட்டும்படி இருக்க வேண்டும்.

எவ்வளவு

முதல் நான்கு நாள் ஒரு பன்றிக்குக் கால் கிலோ. சாணி கட்டியாக இருந்தால் அடுத்த நான்கு நாள் அரைக் கிலோ. இளகினால் அதே அளவில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் வாட்டிக் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பழகிவிடும். அதற்குப் பிறகு பச்சைத் தழைக் கணக்கு இது:

20 முதல் 30 கிலோ எடைக்கு அரைக் கிலோ.
30 முதல் 60 கிலோ எடைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை.
60 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ.

இதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொட்டகையில் மாட்டிவிடுங்கள். ஒரு கூடை தழை எவ்வளவு என்று நாம் நினைப்பதற்கும் தராசு காட்டுவதற்கும் எப்போதும் வித்தியாசம் இருக்கும்.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி: அடர்தீவனத்தை எவ்வளவு குறைக்கலாம்? முதல் மாதம் ஒரு கிராம்கூடக் குறைக்காதீர்கள். பிறகு எடை சரியாக ஏறுகிறது என்று அளந்து பார்த்த பின்னால், ஒன்றரைக் கிலோ தழை தின்கிற பன்றிக்கு 100 கிராம் குறைக்கலாம். அவ்வளவுதான். 200 கிராம் சரக்கு உள்ளே போகிறதே, 200 கிராம் குறைக்கலாமே என்றால், இலையில் உள்ள சத்து முழுவதும் பன்றிக்குச் செரிக்காது. தாது உப்புக் கலவையைக் குறைக்கவே வேண்டாம்.

தொட்டியில் என்ன மிஞ்சுகிறது என்பதைத் தினமும் பாருங்கள். எங்கள் கொட்டகையில் வேலை பார்க்கிற அக்கா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க வந்து பாருங்க, எலைய மட்டும் உருவித் தின்னுட்டுத் தண்ட வச்சிருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு குட்டி கொடியை ஓரப் பல்லில் கவ்வி, தலையைப் பக்கவாட்டில் இழுத்தது. இலைகள் வாய்க்குள் போயின, தண்டு பல்தடத்தோடு தொட்டியில் விழுந்தது. "நேத்து வெட்டுனது முத்தல் தம்பி. அது சரியாத்தான் பிரிச்சிருக்கு" என்றார் அக்கா. அன்றிலிருந்து அந்த மிச்சத் தண்டுதான் எங்களுக்கு அளவுகோல். மிச்சம் தண்டாக இருந்தால் வெட்டு முற்றிப்போனது, அடுத்த வெட்டை நாலு நாள் முன்னால் எடுக்க வேண்டும். மிச்சத்தில் இலையும் கிடந்தால் அளவு அதிகம். ஒன்றுமே மிஞ்சாமல் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கூட்டலாம். எது மிஞ்சினாலும் இரண்டு மணி நேரத்தில் வாரிவிடுங்கள்.

எடை பார்ப்பது

தழை பலன் தருகிறதா என்பதை உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தழை தின்கிற பன்றிக்கு வயிறு பெருத்துத் தெரியும், அது சதை அல்ல. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் தீவனம் போடுமுன் அளவெடுங்கள். எடைமேடை இல்லாவிட்டால் தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும்.

முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. இரண்டு காதுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை முதுகோடு ஒரு அளவு. இரண்டையும் மீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சளவை நெஞ்சளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 69.3-ஆல் பெருக்கினால் கிலோ கணக்கு வரும். எடுத்துக்காட்டாக, நெஞ்சளவு 80 செ.மீ., நீளம் 82 செ.மீ. என்றால் 0.80 × 0.80 × 0.82 × 69.3, சுமார் 36 கிலோ. இரண்டு மூன்று கிலோ முன்பின் இருக்கும். ஆனால் ஒரே ஆள், ஒரே நாடாவில், அதே பன்றிகளை அளந்தால் ஏறுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது அளக்க வேண்டும். தொட்டியில் கொஞ்சம் தவிடு போட்டால் அசையாமல் நிற்கும்.

இரண்டு அடைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒரே வயதுக் குட்டிகளைப் பிரித்து, ஒன்றில் தழையோடும் ஒன்றில் தழையில்லாமலும் நான்கு வாரம் வளர்த்துப் பாருங்கள். அடுத்தவர் சொன்னதைவிட உங்கள் நோட்டில் இருக்கிற எண்தான் உங்களுக்குப் பயன்படும்.

கோடைக்கு

மார்கழி, தை மாதத்தில் கொடி மிஞ்சும். பங்குனி, சித்திரையில் ஒன்றும் இருக்காது. மிஞ்சுகிறபோதே ஊறுகாய்ப்புல் முறையில், அதாவது காற்றுப் படாமல் அடைத்துப் புளிக்கவைத்து, போட்டுவைக்க வேண்டும். கொடியை நறுக்கி, அரை நாள் நிழலில் நன்றாக வாட்டுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் சாறு சொட்டக்கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். வாட்டிய தழை 10 கிலோவுக்குத் தவிடு ஒரு கிலோ, உப்பு 50 கிராம் கலந்து, மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து அமுக்குங்கள். காற்று இருக்கவே கூடாது. மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, மணல் மூட்டை வைத்து மூடி நிழலில் வையுங்கள். தவிடு புதிதாக அரைத்ததாக இருக்க வேண்டும், பழைய தவிடு காறல் வாடை அடிக்கும்.

மூன்று வாரத்தில் தயாராகிவிடும். நல்லதாக வந்திருந்தால் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் இனிப்பான புளிப்பு மணமும் இருக்கும். கறுத்து, அழுகல் வாடை வந்தால், அல்லது வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் அந்தப் பகுதியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். திறந்த டிரம்மை நாள்தோறும் ஒரு அடுக்கு எடுத்துவிட்டு உடனே மூட வேண்டும். பெரிய டிரம் ஒன்றைவிடச் சிறிய டிரம் நான்கு நல்லது, ஒன்றைத் திறந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதில் தண்ணீர் குறைவு என்பதால் பச்சைத் தழையின் அளவில் பாதி கொடுத்தாலே போதும்.

சீமைக்கருவேல நெற்றும் கோடையில் கைகொடுக்கும். இனிப்பானது. காயவைத்து அரைத்துத் தீவனத்தில் கொஞ்சம் கலக்கலாம். அரைக்காமல் போட்டால் விதை முழுசாகச் சாணியில் வந்து கொல்லையெல்லாம் முளைக்கும்.

விற்பதற்கு முன்

90, 100 கிலோ வந்து விலை பேசி முடித்துவிட்டால், கடைசிப் பத்து நாளில் தழையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். நார் தின்ற பன்றிக்குக் குடல் கனக்கும். உயிர் எடையில் அது நமக்குச் சாதகம் போலத் தெரியும், ஆனால் அறுத்துப் பார்க்கும்போது கறி விகிதம் குறைந்திருக்கும். வாங்குகிறவர் அதைக் கவனிப்பார், அடுத்த முறை விலையில் பிடிப்பார். அந்தப் பத்து நாள் வெட்டுகிற தழையைச் சினைப்பன்றிக்குக் கொடுங்கள். அதற்குப் பெருங்குடல் முதிர்ந்திருக்கும், மூன்று நான்கு கிலோ வரை போட்டாலும் செரிக்கும், மலச்சிக்கலும் வராது.

20 கிலோவைத் தாண்டிய அடுத்த கூட்டத்துக்குக் கால் கிலோவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கொடிப் பாத்தியில் இன்று எந்தத் துண்டு என்பதைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவையுங்கள். நீங்கள் வெளியூர் போனாலும் வெட்டுகிறவர் தடுமாறாமல் இருப்பார்.